பணிய லயத்துச் சோபா

நன்கொடையாளர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் சங்கத்தில் என் பொறுப்பு. இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியவர்கள் என் வாயைப் பற்றிக் கொஞ்சமும் யோசித்திருக்க மாட்டார்கள். ஹட்டனைச் சுற்றியுள்ள பாடசாலைகளில் படிப்பிக்கும் சில ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம் இது. தேயிலைத் தோட்டத்துப் பெண் பிள்ளை ஒருத்தி உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால் பெரும்பாலும் ஹட்டனுக்குத்தான் வரவேண்டும். தோட்டத்திலிருந்து தினமும் வந்துபோனால், அந்த வளைவு ரோட்டில் பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கி பஸ்ஸிலேயே விழிக்கும். அதனால் டவுனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளைத் தங்கவைத்து, சாப்பாட்டையும் டியூஷனையும் பார்த்துக்கொள்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஒரு நன்கொடையாளர் என்பது எங்கள் ஏற்பாடு. பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கும்வரை போர்டிங் செலவு அவருடையது. இரண்டு பேரையும் சேர்த்துவைத்து, அந்தத் தொடர்பு பாதியில் அறுந்துபோகாமல் பார்ப்பது நான்.

கொடுப்பவர்களில் எத்தனை ரகம் என்று என்னைக் கேட்டால் பேச்சு இலேசில் முடியாது. ஒருவர் பிள்ளையின் புள்ளிகளை வாராவாரம் கேட்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், "அப்ப இந்த வாரம் டெஸ்ட் எழுதலயா?" என்பார். இன்னொருவர் தன் வீட்டு அலமாரியைக் காலி செய்து வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக உடுப்பு அனுப்பினார். நுவரெலியாக் குளிரில் பிரித்துப் பார்த்தால் உள்ளே நீச்சல் உடுப்பு. ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர் இருக்கிறார். வருசா வருசம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சீருடைத் துணி தருவார். நன்றி என்று வாயெடுத்தாலே, "டீச்சர், பஸ்ஸு போயிரும், கெளம்புங்க" என்று விரட்டிவிடுவார். மேடைக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார். அவருக்கென்று நான் கண்டுபிடித்த வழி, புதுச் சீருடை போட்ட முதல் நாள் பிள்ளைகளை அவர் கடை வாசல் வழியாகப் பாடசாலைக்கு நடத்திக்கொண்டு போவது. அவர் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார், பிறகு குனிந்து மீட்டரால் துணி அளக்கத் தொடங்கிவிடுவார். அவ்வளவுதான். அடுத்த வருசமும் துணி வரும்.

மற்றவர்களிடம் வேறு விதம். நான் பணம் வேண்டிய நாளில் மட்டும் போன் எடுக்கிற ஆள் இல்லை. பொங்கலுக்கு எடுப்பேன், பிள்ளைக்கு முதல் தடவை விளங்காத பாடம் விளங்கிய நாளில் எடுப்பேன். கெட்ட செய்தியென்றால் வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவேன். ஒரு பிள்ளை இரசாயனவியலில் கோட்டைவிட்டபோது சங்கத்தில் எல்லோரும் பூசி மெழுகச் சொன்னார்கள். நான் அந்த நன்கொடையாளருக்கு அன்றைக்கே சொன்னேன். அவர், "நானும் அதுல பெயில்தான் டீச்சர்" என்றார். இரண்டாவது தடவைக்கும் அவரே செலவு செய்தார்.

ஆனால் ஒரு விசயத்தில் நான் பிடிவாதக்காரி. பிள்ளைகளைப் பரிதாபமாக நிற்கவைத்துப் படமெடுக்க விடமாட்டேன். நான் தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புப் படிக்கும்போது, கொப்பி கொடுக்க வந்த ஒரு கூட்டம் எங்களை வரிசையாக நிற்கவைத்தது. எங்கம்மா அந்த வாரம்தான் எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்திருந்தார். கெமரா வைத்திருந்த ஆள் என் காலைப் பார்த்துவிட்டு, "நீ அதைக் கழட்டிட்டு நில்லு" என்றான். கழற்றினேன். படத்துக்குப் பிறகு கொப்பி தந்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது எங்கம்மா அந்தக் கொப்பியை அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். எங்கள் பிள்ளைகளின் புள்ளிகளைக் காட்டிக் கேட்பேன், புத்தியைக் காட்டிக் கேட்பேன். கிழிசலைக் காட்டிக் கேட்கமாட்டேன்.

லண்டனில் இருக்கும் அந்தப் பெரியவர் எனக்கு வாய்த்த நன்கொடையாளர்களில் நல்ல மனுசர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஆசிரியையாக இருந்தவராம். அந்த அம்மா இறந்த பிறகு, அவர் நினைவாக ஒரு பிள்ளையைப் படிப்பிக்க வேண்டும் என்று எங்களைத் தேடிப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். பிள்ளையைப் பற்றி ஐந்து நிமிசம், மனைவியைப் பற்றி அரை மணித்தியாலம். நானும் கேட்டுக்கொண்டே சமையலை முடித்துவிடுவேன். அவர் பொறுப்பில் இருந்த பிள்ளை மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், மேட்டு லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்த பெண். தாய் கொழுந்து பறிப்பவர், தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பிள்ளை உயிரியல் பிரிவில் எங்கள் போர்டிங்கிலேயே கெட்டிக்காரி. பரீட்சைக்கு இன்னும் ஒரு வருசம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவர் இலங்கைக்கு வந்தார். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம் என்றார். "எனக்கு அந்தப் பிள்ளையின்ரை வீட்டைப் பாக்கவேணும், பிள்ளை. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திடுவன்" என்றார். என்னையும் அவர் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். கேட்கவே எனக்குக் குளிர்ந்துபோனது. இப்படி ஒரு நன்கொடையாளரைத்தானே நான் தேடிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையின் தாயிடம் ஒரு வாரம் முன்னாலேயே போய்ச் சொன்னேன். "அக்கா, ஒன்னும் செய்ய வேணாம். வீடு இருக்கிறபடியே இருக்கட்டும். தேத்தண்ணியும் வேணும்னா ஒரு ரொட்டியும் போதும்."

"சரிங்க டீச்சர்" என்றார் தாய். தலையை நன்றாக ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக்கூடாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, விருந்தாளி வருகிறார் என்று ஒரு லயத்தில் சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாதே என்பது நடக்கிற காரியமா என்று தெரியாதா?

அன்றைக்கு ஹட்டனிலிருந்து வேன் பிடித்துப் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ரோடு முடிகிற இடத்தில் வேனை விட்டுவிட்டு, படிகளில் ஏறி மேட்டு லயத்துக்கு வந்தோம். இஸ்தோப்பில், அதாவது முன் வாசலில், தாய் நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளை அவர் பக்கத்தில். உள்ளே காலெடுத்து வைத்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

காம்பரா என்று நாங்கள் சொல்லும் ஒரேயொரு அறையும் அதற்குப் பின்னால் சமைக்கக் குசினியும் உள்ள வீடு அது. அந்தக் காம்பராவுக்குள் மெரூன் நிறத்தில் ஒரு பெரிய சோபா. எனக்கு அந்தச் சோபாவை நன்றாகத் தெரியும். பணிய லயத்தில், அதாவது படிகளுக்குக் கீழே இருக்கிற லயத்தில், ஓய்வு பெற்ற கங்காணியார் ஒருவர் இருக்கிறார். வேலையிலிருந்து நின்றபோது வந்த சேமலாபப் பணத்தில் அவர் வாங்கிய சோபா அது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை அவர் அதுவரைக்கும் கழற்றியதில்லை, தானும் அந்த உறைமேல்தான் உட்காருவார். இன்றைக்கு உறை இல்லை. சுவரில் பெரிய தட்டை டிவி, அது பக்கத்து வீட்டுடையது. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, தரைக்குக் கம்பளம். நான்கு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் முதுகில் கோவில் பேர் எழுதியிருக்கும், அதுதான் அப்படி. எல்லாவற்றுக்கும் மேலே, மூலையில் ஒரு பிரிட்ஜ். தோட்டத்துக் கடைக்காரருடைய பிரிட்ஜ். அதன் மேல் ஒட்டியிருந்த சோடா விளம்பரத்தை லேஸ் துணி போட்டு மறைத்திருந்தார்கள். அந்தக் காம்பராவில் இருக்கிற ஒரே பிளக்கில் டிவி மாட்டியிருந்ததால், பிரிட்ஜ் சும்மா நின்றது. வாயில் புகை வருகிற குளிரில் அதற்கு மின்சாரம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

நான் தாயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "வாங்க சேர், ஒக்காருங்க சேர்" என்று பெரியவரைச் சோபாவுக்குக் கூட்டிப்போனார். குசினிப் பக்கம் நான் போனபோது மெதுவாகச் சொன்னார்: "நான் ஒன்னுமே செய்யல டீச்சர். பக்கத்துல கொஞ்சம் சொன்னேன், அவங்களாவே கொண்டாந்துட்டாங்க."

தேத்தண்ணியும் ரொட்டியும் என்று நான் சொன்னது சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் பருப்பும் கீரையும் பொரித்த அப்பளமுமாகி வந்தது. தங்க ஓரம் வைத்த பீங்கான் தட்டு யாருடையது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பெரியவர் ஆசையாகச் சாப்பிட்டார். பிள்ளையோடு இதயத்தின் அறைகளைப் பற்றியும் வால்வுகளைப் பற்றியும் பேசினார். பிள்ளை கையால் காற்றில் படம் வரைந்து விளக்கியது. தாய் வாசலில் நின்று, விளங்காத அந்தப் பேச்சை முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் கோபம் கரைந்து, நல்லபடியாக முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று மனது இலேசானது.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, பெரியவர் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். டிவியைப் பார்த்தார், பிரிட்ஜைப் பார்த்தார்.

"எனக்கு வலு சந்தோசம் அம்மா" என்றார். "நான் நினைச்சுக்கொண்டு வந்தது வேறை. நீங்கள் நல்லா இருக்கிறியள். உண்மையாச் சொல்லுறன், இதைப் பாக்க என்ரை மனுசி இருந்திருக்கவேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நான் ஒண்டு யோசிக்கிறன். வன்னியிலை இன்னும் தகரக் கொட்டிலுக்கை இருந்து படிக்கிற பிள்ளையள் இருக்குதுகள். இவையளுக்கு இனி என்ரை உதவி பெரிசாத் தேவைப்படாது. வாற மாசத்திலையிருந்து அந்தக் காசை அங்கை திருப்பிவிடுவமே?"

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அவர் பணம் நின்றால் பிள்ளையின் போர்டிங் நிற்கும். நடுவில் வேறு நன்கொடையாளரை உடனே தேடிப் பிடிக்க என்னால் முடியாது. பரீட்சைக்கு ஒரு வருசம் இருக்கும்போது பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வரவேண்டும். பக்கத்துப் பாடசாலையில் உயிரியல் கிடையாது. கலைப் பிரிவில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இல்லையென்றால் கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகவேண்டும். இது பிள்ளைக்கும் தெரியும். கையால் காற்றில் வரைந்துகொண்டிருந்த பிள்ளை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து குசினிக்குள் போய்விட்டது.

நான் தாயைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், இது எதுவும் எங்களுடையது இல்லை என்று அவர் சொன்னால் முடிந்தது. அவர் என்னை நேராகப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். பிறகு பெரியவரிடம், "சரிங்க சேர். அங்கேயும் புள்ளைங்க படிக்கணும்தானே" என்றார். "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தவா?"

விடைபெற்றோம். படியில் இறங்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. வேனில் ஏறிய பிறகும் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும். வாயைத் திறந்தால் என்ன சொல்வது? அந்த வீட்டில் ஒன்றுமில்லை, எல்லாம் இரவல், ஐயோ பாவம் அவர்கள் என்றா? வாழ்நாள் முழுக்க எதைச் செய்யமாட்டேன் என்று நின்றேனோ அதைத்தானே செய்யவேண்டும். அந்தத் தாய் தன் வீட்டு வாசலில் நின்று காப்பாற்றிய மரியாதையை நான் வேனில் உட்கார்ந்துகொண்டு கழற்றிப் போடவேண்டும். செய்யாவிட்டால் பிள்ளையின் படிப்பு போகும். இரண்டு பக்கமும் இடித்தது.

மஸ்கெலியா நீர்த்தேக்கம் தெரிகிற வளைவுக்கு வந்தபோது பெரியவரே கேட்டார். "என்ன பிள்ளை, ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?"

"கோவமா இருக்கேன் சேர்."

"என்னோடையோ?"

"யாரோடன்னு தெரியல சேர். நான் ஒன்னு சொல்றேன், கேட்டுக்கங்க. நீங்க ஒக்காந்த சோபா பணிய லயத்துக் கங்காணியாரோடது. அந்தச் சோபாவுல உறை இல்லாம இதுவரைக்கும் அவரே ஒக்காந்தது கெடையாது. ஒங்களுக்காகக் கழட்டிக் கொடுத்தாரு. டிவி பக்கத்து வீட்டுது. பிரிட்ஜ் கடைக்காரரோடது, நாலு பேரு தூக்கிட்டு அந்தப் படியில ஏறியிருப்பாங்க. கதிரையெல்லாம் கோவிலோடது. அவங்ககிட்ட இல்லைன்னு சொல்றதுக்கு இத நான் சொல்லல. நீங்க இன்னைக்கு ஒரு வீட்டுல சாப்பிடல சேர், ஒரு லயத்துல சாப்பிட்டீங்க. அது தெரியாம நீங்க லண்டனுக்குப் பிளேன் ஏறக்கூடாது."

சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே கொஞ்சம் கூடிப்போனது தெரிந்தது. நன்கொடையாளரோடு இப்படிப் பேசக்கூடாது என்று சங்கத்தில் இளம் ஆசிரியர்களுக்குப் பாடம் எடுப்பவளும் நான்தான்.

அவர் ஜன்னல் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த அம்மா ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"விருந்தாளிகிட்ட யாராச்சும் சொல்வாங்களா சேர்? ஒங்க ஊருல சொல்வாங்களா?"

"சொல்லமாட்டினம்" என்றார் மெல்ல. பிறகு வேனைத் திருப்பச் சொன்னார். ஓட்டுநர் சிங்களத் தம்பி, அவருக்கு விளங்கவில்லை. "மல்லி, ஆபஹு யமு" என்று திரும்பிப் போகச் சிங்களத்தில் நான் சொன்னேன். என்னத்தையோ மறந்துவிட்டு வந்துவிட்டோம் என்று நினைத்து, அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே வளைவில் வேனைத் திருப்பினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது மழை கொஞ்சம் வலுத்திருந்தது. படிகளின் நடுவில் சோபா இறங்கி வந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறை திரும்பவும் மேலே ஏறியிருந்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருவர், பக்கத்தில் ஒரு குடையைச் சோபாவுக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி கங்காணியார். எங்களைக் கண்டதும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். திருட்டில் பிடிபட்டவர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேலே இஸ்தோப்பில் நின்ற தாய் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியவர் படியேறிப் போய், பின்னால் ஆள் குறைந்திருந்த மூலையில் கை கொடுத்தார்.

"ஐயோ சேர், விடுங்க, கையில பட்டுரும்" என்று கங்காணியார் பதறினார்.

"பிடிச்சிட்டன், நடவுங்கோ" என்றார் பெரியவர்.

சோபா பணிய லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேட்டு லயத்தில் இருந்தவர்களும் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் வந்தார்கள். கங்காணியார் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, மூச்சு வாங்க, பெரியவர் தாயைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, நான் பிழையா விளங்கிப்போட்டன். வன்னிப் பிள்ளைக்கு நான் வேறையாப் பாப்பன். இவளின்ரை படிப்பு முடியுமட்டும் நானே..."

"சேர் மன்னிக்கணும்" என்று கங்காணியார் குறுக்கே விழுந்தார். "அது பேசி முடிஞ்சுருச்சு."

"என்ன முடிஞ்சது?" என்று கேட்டது நான்.

லயத்துச் சுவர்கள் கூரைவரைக்கும் போவதில்லை. ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்கும் கேட்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் போய்விடும். பெரியவர் சோபாவில் இருந்து சொன்னதை லயம் முழுக்கக் கேட்டிருக்கிறது. எங்கள் வேன் புறப்பட்டதும், சாமான்களைத் தூக்க வந்தவர்கள் தூக்காமல் நின்று பேசியிருக்கிறார்கள்.

கங்காணியார் விளக்கினார். "கோவில் திருவிழாவுக்கு ஒவ்வொரு லயமும் ஒவ்வொரு நாள் உபயம் எடுக்கிறோம்தானே டீச்சரம்மா. அன்னைக்குப் பூசை, சாப்பாடு, மேளம் எல்லாம் அவங்க பொறுப்பு. அதே மாதிரி புள்ளையோட போர்டிங்குக்கு உபயம் பிரிச்சுட்டோம். ஒரு வீட்டுக்கு ஒரு மாசம். முடியாதவங்க ரெண்டு வீடு சேந்து ஒரு மாசம். நம்ம தோட்டத்துலேருந்து ஒரு புள்ள இதயத்தப் பத்திப் பேசுது, அத எறக்கிக் கூட்டிட்டு வர முடியுமா?"

எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. நானும் இந்த மாதிரி லயத்தில் பிறந்தவள்தான், இவர்களுக்காகப் பணம் சேர்ப்பவள் என்று எனக்கே ஒரு மிதப்பு இருந்தது. என் சங்கத்தின் மிகப் பெரிய நன்கொடையாளர்கள் அந்த மழையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன்னாலும் அனுபவித்ததில்லை, பின்னாலும் இல்லை.

பெரியவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கொடுத்துப் பழகிய மனுசர். முதல் தடவையாக அவர் கொடுப்பதை வேண்டாம் என்கிறார்கள். "அப்ப நான்?" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. "என்னை விட்டிட்டியளே?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தாய் கங்காணியாரைப் பார்த்தார். கங்காணியார் மற்றவர்களைப் பார்த்தார். "எல்லா மாசமும் போயிருச்சே" என்றார் ஒருவர்.

"தீவாளி மாசம் இருக்கு" என்றார் தாய்.

அது உண்மை. தீபாவளிக்குத் தோட்டத்தில் வாங்குகிற முற்பணத்தை அதற்குப் பிறகு சம்பளத்தில் வெட்டுவார்கள். ஐப்பசியில் எந்த வீட்டுக் கையிலும் ஒன்றும் நிற்காது. அதனால் யாரும் அந்த மாதத்தைக் கேட்கவில்லை, கங்காணியார் எப்படியாவது தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்திருந்தாராம். இப்போது அவர் விட்டுக்கொடுத்தார். "சரி, சேர் ஐப்பசிய எடுத்துக்கட்டும். ஆனா ஒரு மாசந்தான். எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான் சேருக்கும்."

பெரியவர் இன்னும் இரண்டு மாதமாவது தாருங்கள் என்று மன்றாடிப் பார்த்தார். நானும் சிபாரிசு செய்து பார்த்தேன், ஒரு நன்கொடையாளருக்காக ஏழைகளிடம் நான் மன்றாடியது அன்றைக்கு மட்டும்தான். அவர்கள் அசையவில்லை. கடைசியில் அவர் ஒரு மாதத்துக்குச் சம்மதித்து, மீதிப் பணத்தில் வன்னிப் பிள்ளை ஒன்றையும் பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளை ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

அந்த வருசம் முழுக்க மாதம் ஒரு வீடு சொன்ன சொல் தவறாமல் கொடுத்தது. சிலர் பணமாக, சிலர் பாதி பணமும் பாதி கரட்டும் லீக்ஸுமாக. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே லண்டனிலிருந்து போன் வந்தது. "பிள்ளை, என்ரை முறை வந்திட்டுது, மறந்து போயிடாதையுங்கோ" என்றார். பிள்ளை பரீட்சை எழுதியது.

வருசக் கடைசியில் எங்கள் சங்கத்தின் நன்றிக் கூட்டம் ஹட்டனில் நடக்கும். வழக்கமாகக் கொடுப்பவர்களை மேடைக்குக் கூப்பிட்டு, அவர்கள் பொறுப்பில் உள்ள பிள்ளையின் கையால் ஒரு தேயிலைப் பக்கெட் கொடுப்போம். அந்த வருசம் அந்தப் பிள்ளைக்காக ஒரு லயமே வந்து முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. மாதத்தின் பேரைச் சொல்லி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். தை என்றேன், ஒரு வீடு எழுந்து வந்தது. மாசி என்றேன், இரண்டு வீடு சேர்ந்து வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை மேடை ஏறுபவர்கள், ஆனால் ஒருவரும் கூனிக் குறுகவில்லை. புரட்டாசி வந்து போனது.

ஐப்பசிக்கு வந்ததும் நான் கொஞ்சம் தயங்கினேன். பெரியவர் லண்டனில், அவருடைய பக்கெட்டைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைத்து, மாதத்தின் பேரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன்.

அதற்குள் பிள்ளையின் தாய் எழுந்துவிட்டார். நேராக மேடைக்கு வந்து கையை நீட்டினார்.

"அந்த வீட்டு ஆளு வேலைக்கு வெளியூரு போயிருக்காங்க டீச்சர்" என்றார். "வர்ற வரைக்கும் நான் வாங்கி வைக்கிறேன்."